தும்மிய கெட்டிமேளம்

போன வாரம் கனடாவிலிருந்து மலர் செய்தி அனுப்பியிருந்தாள். மகளின் கல்யாணத்துக்கு, தன் கல்யாணத்தில் ஒலித்த அதே கெட்டிமேளம் வேண்டுமாம். பல வருடங்களாகக் கைக்குக் கை மாறி என் கைப்பேசிக்கு வந்திருந்த அந்தக் கோப்பைத் திறந்தேன். யாரும் கேட்காமலே செயலி 'இரைச்சல் நீக்கப்பட்டது' என்றது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

அந்தக் காலத்தில் இதற்கு என்ன பாடு தெரியுமா? கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே ஓர் ஒலிப்பதிவுக் கடையில் எனக்கு வேலை. கடை முழுக்கச் சூடேறிய பிளாஸ்டிக் வாசம். ஒலித் துணுக்கை வெட்ட ஒரு குட்டி மென்பொருள், இசைக் கீபோர்டுக்குப் புரியும்படி மாற்ற இன்னொன்று, பிளாப்பித் தட்டில் ஏற்ற மூன்றாவது. மூன்றும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள். நடுவில் தூது போவது நான்.

மலரின் அண்ணன் செல்வம் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவன். முகூர்த்த நாள் என்பதால் மேளக்காரர் யாரும் கிடைக்கவில்லை. தங்கையின் தாலிகட்டுக்குக் கெட்டிமேளத்தைக் கீபோர்டில் ஏற்றித் தரச் சொன்னான். மாப்பிள்ளையின் அம்மா பூனை குறுக்கே போனதற்கே நிச்சயதார்த்தத்தைத் தள்ளிப்போட்டவர் என்றும் எச்சரித்தான். கோயிலுக்குப் போய் அங்கே கொட்டிய மேளத்தைப் பதிந்தேன். சாம்பிராணிப் புகையில் கடைசியில் எனக்கு ஒரு தும்மல் வந்து, அதுவும் சேர்ந்து பதிந்துவிட்டது. வெட்டிவிடலாம் என்று நினைத்தேன், நினைத்ததோடு சரி. முதல் நாலு விநாடியை மட்டும் கேட்டுவிட்டு, திரும்பத் திரும்ப ஓடும்படி வேறு குறித்துவைத்தேன், பெரிய கெட்டிக்காரன்.

கெலிஓயா மண்டபத்தில் ஐயர் கையை உயர்த்த, செல்வம் கட்டையை அழுத்தினான். மேளம் முழங்கியது, முடிவில், நான்கு ஒலிபெருக்கியிலும் என் தும்மல். அபசகுனச் சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளமே கொட்டுகிறோம்! மறுபடி மேளம், மறுபடி தும்மல். விரலை எடுத்தால் மேளம் நின்றுவிடும் என்ற பயத்தில் செல்வம் கட்டையை விடவில்லை. மாப்பிள்ளையின் கை தாலியோடு அப்படியே நின்றது. என்னால் ஒரு கல்யாணமே நிற்கப் போகிறது. வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவது தும்மலில் மலர் களுக்கென்று சிரித்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பார்த்தார். பிறகு மகனிடம் சொன்னார்.

"மேளமே தும்மிருச்சு. இனி யாரு தும்மி என்ன ஆகப்போவுது? கட்டுப்பா."

அந்தக் கடையில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். பிளாப்பி போய்விட்டது, அந்த மூன்று மென்பொருளும் எந்தக் கணினியிலும் திறப்பதில்லை. நேற்று மலரின் பதில் வந்தது.

"மேளம் நல்லா இருக்குண்ணே. தும்மலக் காணோமே? மாமியார் தவறினதுக்கப்புறம் அதக் கேட்டாத்தான் அவங்க சொன்னது ஞாபகம் வரும்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். செயலி பழையதை அழித்துவிட்டுச் சுத்தம் செய்ததைத்தான் வைத்திருந்தது. மிளகுத் தூளை மூக்கருகே பிடித்துக்கொண்டு மூன்று முறை தும்மிப் பதிந்தேன். மூன்றுமே வயதான தும்மல்.