கடைசிப் பிளேட்டும் அத்தானின் நெல் அம்பாரமும்

என் அக்காள் புருஷனை எனக்குப் பிடிக்காது. அவர் செத்த பிறகும் பிடிக்கவில்லை. நல்ல மனுஷர் என்று ஊர் சொல்லும். ஊருக்கென்ன, அவர் கெடுத்தது என் பிளேட்டைத்தானே!

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பிட்டர். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர் விட்டுப்போன பித்தளை டெலஸ்கோப் என் கைக்கு வந்திருந்தது. அதன் வால் பக்கம், போட்டோ பதிகிற கண்ணாடிப் பிளேட் வைக்க ஒரு மரப்பெட்டியை நானே செய்து மாட்டினேன். நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால், படம் விழுகிற நேரமெல்லாம் பக்கத்திலுள்ள சின்னக் குழாயில் கண்ணை வைத்து ஒரு திருகை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கையை எடுத்தால் படம் கோடு கோடாக இழுபட்டுப் போகும்.

எனக்கு வேண்டியது ஒரே படம். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே புகை மாதிரித் தெரியும் ஒளித்திட்டு. மேகமும் என் கைநடுக்கமும் பல பிளேட்டுகளைத் தின்றுவிட்டன. யுத்தம் வந்ததும் மதுரைக் கடைகளில் பிளேட் வரத்தே நின்றுபோனது. என்னிடம் மிஞ்சியது ஒன்று.

மில் விளக்கு எட்டாத இடம் வேண்டும் என்று மம்சாபுரத்தில் அத்தானின் களத்துக்குப் போனேன். அக்காதான் அவரிடம் மன்றாடிச் சம்மதம் வாங்கித் தந்தாள். தை அறுப்பு முடிந்து, அளக்காத நெல் அம்பாரமாகக் கிடந்தது. அளக்காத நெல்லை யாரும் உற்றுப் பார்க்கக் கூடாது, கண் பட்டுவிடும்; அது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் அம்பாரத்துக்கு முதுகைக் காட்டி, குழாயைக் கிழக்கு வானத்துக்குத் திருப்பினேன். இருட்டியதும் மூடியைத் திறந்தேன். பாதி நேரம் போயிருக்கும், அத்தான் வந்து நின்றார்.

"மாப்ள, ஒம் பெட்டி எங்க பாக்குது?"

"வானத்தப் பாக்குது அத்தான்."

"கொழாதான் வானத்தப் பாக்குது. பெட்டி என் அம்பாரத்தயில்லா பாக்குது?"

"அது வெறும் பலகை. பொறத்தால கண்ணு கெடையாது."

"பொறவு எதுக்குக் கருப்புத் துணி போட்டு மூடி வச்சிருக்க?"

வெளிச்சம் புகாமல் இருக்கத்தான் அந்தத் துணி. ஸ்டூடியோவில் படம் பிடிக்கிறவன் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பதை அவர் கண்டிருக்கிறார். துணி இருந்தால் அதற்குள் பார்வை இருக்கும், அவ்வளவுதான் அவர் கணக்கு. திருகை விட்டு எழுந்தால் படம் போய்விடும் என்று நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் போய்விட்டார். தொலைந்தார் என்று நினைத்தேன்.

வைக்கோலும் உப்பும் மிளகாய் வற்றலும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அம்பாரத்தைச் சுற்றி எடுத்து, குழாய்க்கு எதிரிலேயே போட்டுத் தீ வைத்தார். களம் பகலாகிவிட்டது. நான் பாய்ந்து மூடியைப் போட்டேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிற்பாடு கழுவிப் பார்த்தபோது பிளேட் முழுக்கக் கரி அப்பியதுபோல இருந்தது, ஒரு நட்சத்திரம்கூடத் தேறவில்லை.

"அணைச்சிரும்வே!" என்று கத்தினேன். அத்தானை 'வே' போட்டுக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"என் நெல்லுக்கு நான் கழிக்கேன். ஒனக்கென்ன?" என்றார்.

 குழாயை அப்படியே சுழற்றி அம்பாரத்துக்கு நேராக நிறுத்தினேன். பெட்டியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை வைத்துப் பார்த்தேன். தீயைக் கண்டு கூடிவிட்ட களத்தாட்கள் அத்தனை பேரும் பார்க்கப் பார்க்க, நிதானமாகப் பார்த்தேன். "எம்புட்டு நெல்லு அத்தான்! எம்மாடி, எம்புட்டு நெல்லு!" என்று ஊருக்கே கேட்கச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் அதில் எனக்கு வருத்தமில்லை.

அவர் அடிக்க ஓங்கிய கையை, களத்துக்குச் சோறு கொண்டு வந்திருந்த அக்கா ஓடிவந்து தடுத்தாள். என் பக்கம் வந்தாள். இந்தக் களத்தில் எனக்கென்று பேச ஒரு ஆளாவது உண்டு என்று நிமிர்ந்து நின்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்தாள்.

"ஏலே, காலத் தூக்கு" என்றாள்.

என்னவென்று புரியாமல் தூக்கினேன். என் காலடி மண்ணை ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய், அம்பாரத்தை மூன்று முறை சுற்றி, அந்தத் தீயிலேயே போட்டாள்.