கரண்டு போன பிறகும் கேட்ட மீன் சத்தம்

பேராசிரியர் அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள். அம்பத்தூர் ஏரியில் நான் பதிவு செய்த கெளுத்தி மீனின் சத்தத்தை, "அது தொழிற்பேட்டை மோட்டார்மா" என்று கருத்தரங்கில் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். அரங்கமே சிரித்தது. என் ஆராய்ச்சி அன்றே நின்றது.

நான் விடவில்லை. மறுபடி ஏரிக்குப் போய், மைக்கை நனையாதபடி பலூனுக்குள் கட்டித் தண்ணீரில் இறக்கினேன். பதிவு ஓடும்போதே கரண்டு போனது. கரையோரக் கம்பெனிகள் எல்லாம் அடங்கின. பேட்டரியில் ஓடிய என் டேப் ரெக்கார்டரில் அதே உறுமல் இன்னும் தெளிவாகக் கேட்டது. கெளுத்தி தன் முள்ளை உரசி எழுப்பும் சத்தம் அது.

வேலை நின்றதால் வெளியே வந்த லேத் தொழிலாளி ஒருவர், "இன்னாக்கா, மீனு பாட்டு பாடுதா?" என்று கிண்டலடித்தார். ஹெட்போனைக் கொடுத்தேன்.

"அய்ய! எங்க மாமியா கணக்கா கொறட்ட உடுதுக்கா!"

அவரும் சிரித்தார்தான். ஆனால் கேட்டுவிட்டுச் சிரித்தார். நீங்கள் இன்றுவரை அந்தக் கேசட்டைக் கேட்கவே இல்லை. அதை எடுத்துக்கொண்டு உங்கள் அறை வாசலில் நின்று நின்று எனக்கு அலுத்துவிட்டது. இனி அங்கே வர மாட்டேன்.

அடுத்த கருத்தரங்கில், அதே மேடையில், எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்: கரண்டே இல்லாதபோது ஓடியது எந்த மோட்டார்?