வெட்டிப் போட்ட நிழல்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம் அது. வெள்ளிமலையில் சிநேகிதி கொடுத்த ரோஜாச் செடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பினேன். வழியில் போராட்டக்காரர்கள் ஒரு புளியமரத்தை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். எல்லோரும் இறங்கி வெயிலில் நின்றோம். அவர்களில் ஒருவர் கோடரியோடு என்னிடம் வந்தார். பயந்துபோய்ச் செடியை முந்தானையால் மூடினேன்.

"இன்னாம்மா, ரோசாவா? மூடினா வெந்துபூடும். நெழல்ல வைங்க."

வெயில் கடுப்பில் பயம் போய்விட்டது. "நெழலத்தான் நீங்க வெட்டிப் போட்டுட்டீங்களே!" என்றேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். செடியை வாங்கி, விழுந்து கிடந்த மரத்தின் இன்னும் வாடாத கிளைகளுக்குள் வைத்தார். குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதற்கு ஊற்றினார்.

அதிலிருந்து பதியம் போட்ட செடிகள்தான் இன்றும் என் வாசலில் பூக்கின்றன. அந்தப் போராட்டத்தைப் பற்றி யார் பேசினாலும், அவர் நிழலைத் தேடிய பார்வைதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது.