மாப்பிள்ளைக் கை

சட்டைப் பொத்தானை ஜெயித்தாயிற்று. செருப்பு வாரையும் ஜெயித்தாயிற்று. முழங்கால்களுக்கு நடுவே தீப்பெட்டியை இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் குச்சி உரசப் பழகியாயிற்று. தளும்பத் தளும்ப ஊற்றிய தேநீரைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவதுதான் இழுபறியாக இருந்தது. போன மாதம் அதுவும் வழிக்கு வந்துவிட்டது. பக்கவாதத்தில் வலக்கை விழுந்த பிறகு தம்பி இடக்கையால் அடைந்த வெற்றிகள் இவை. தன் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அக்கா இவற்றை ஒப்பிப்பாள். ஒன்று விட்டுப்போனால், தெருமுனைக்குப் போய்விட்டவர்களையும் கூப்பிட்டுச் சொல்வாள்.

அவன் குழாய் ரிப்பேர்க்காரன். விழுந்த கைக்கு அவன் வைத்த பெயர் ‘மாப்பிள்ளை’.

“ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டார். ஆனா குளிப்பாட்டணும், சட்டை போட்டுவிடணும், போற இடத்துக்கெல்லாம் கூடவே கூட்டிட்டுப் போகணும். வேற யாருக்கு இந்த மரியாதை?”

சாப்பிட உட்காரும்போது இடக்கையால் அதைத் தூக்கி மேசைமேல் வைப்பான். “வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க.” எதையோ பிடிக்கப் போய்ப் பாதியில் மறந்துவிட்டதுபோல அதன் விரல்கள் மடங்கியே இருக்கும்.

ஒழுகுகிற குழாயை அவன் உடனே தொட மாட்டான். கண்ணை மூடிக்கொண்டு சொட்டுவதைக் கொஞ்ச நேரம் கேட்பான். பிறகுதான் கருவிப் பையைத் திறப்பான். வேலை முடிந்ததும், சுவரில் பூசிய சிமென்ட் காய்வதற்குள் ஆணி முனையால் தன் பெயரையும் தேதியையும் ஓரமாகக் கீறிவிடுவான். வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தால், “நாளைக்கே ஒழுகினா யார் கதவைத் தட்டணும்னு தெரிய வேண்டாமா?” என்று ஒரே போடாகப் போடுவான்.

அதெல்லாம் வலக்கை காலம். இப்போது யார் கையெழுத்துக் கேட்டாலும் இடது கட்டைவிரலை நீட்டிவிடுகிறான். “எழுதித்தான் பாரேன்டா” என்று அக்கா சொன்னால், “கோழி கிளறின மாதிரி வரும், விடு” என்பான்.

கடைசியில் பையையே விடுவதென்று முடிவுசெய்தான். அவனோடு தொழில் செய்த ‘ஒல்லி’யிடம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டான். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அவளுடைய சமையலறைக் குழாய் வெகுநாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வேறு ஆளைக் கூப்பிட மனமில்லாமல், வாளியை வைப்பதும் கொட்டுவதுமாக இருந்தாள். அந்த ஞாயிறன்று காலையிலேயே தம்பி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“பையைக் கொடுக்கறதா இருந்தா, முதல்ல என் குழாயைப் பார்த்துட்டுக் கொடு.”

“ஒத்தைக் கைக்காரனைக் கூட்டிட்டுப் போய் வீட்டை ஏரியாக்கப் போறியா?”

“ஏரியானா நான் படகு விட்டுக்கறேன். கிளம்பு.”

“ஒழுகல் நிக்கலைன்னா பை ஒல்லிக்குத்தான். அப்புறம் நீ வாயே திறக்கக் கூடாது.”

“திறக்கலை, வாடா.”

வால்வை மூடிக் கழற்றியபோது, பழைய குழாய் சுவரின் காரையையும் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு வந்தது. புதுக் குழாயை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, ஒழுகாமலிருக்க அதன் திருகு மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றினான். சுவரில் முறுக்கினான். வால்வைத் திறந்ததும் இணைப்பில் நீர் கசிந்தது. கழற்றினான், புதிதாகச் சுற்றினான், மாட்டினான். மறுபடியும் கசிந்தது. டேப் பிரிந்து வெளியே தொங்கியது.

அக்கா தையல்காரி, அவள் கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. “என்னடா இது, பாவாடைப் பட்டி பிரிஞ்ச மாதிரி?”

“நான் தப்பா சுத்தலைக்கா, கை சுத்துது. கண்ணாடியில பார்க்கற மாதிரி எல்லாத்தையும் தலைகீழாப் பண்ணுது. முறுக்க முறுக்க டேப் பிரிஞ்சுக்கிட்டே வருது.”

மாற்றிச் சுற்றப் பார்த்தான். கை தடுமாறி, டேப் உருளை எகிறி அடுப்பு மேடைக்கு அடியில் உருண்டது. அவன் பையின் வாயை இழுத்து மூடினான்.

அக்கா வாயைத் திறக்கவில்லை; வாக்குக் கொடுத்திருந்தாளே. குனிந்து உருளையை எடுத்தாள். எதையும் ஈரத்தில் வைக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. மேடை முழுவதும் நனைந்திருந்ததால், அவன் மடியில் கிடந்த மடங்கிய விரல்களுக்குள் அதைச் செருகிவிட்டு, துடைக்கத் துணி தேடப் போனாள்.

திரும்பி வந்தபோது அவன் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். உருளையை இழுத்துப் பார்த்தான். விரல்கள் விடவில்லை.

“அக்கா, மாப்பிள்ளை பிடிச்சுக்கிட்டாரு!”

டேப்பின் நுனியை மரையில் ஒட்டினான். இந்த முறை டேப்பைச் சுற்றவில்லை. குழாயைச் சுவரில் எப்படி முறுக்குவானோ அதே போக்கில் இடக்கையால் அதைத் திருப்பினான். டேப் விறைப்பாக வந்து வரிவரியாகப் படிந்தது.

குழாயைச் சுவரில் முறுக்கினான்; வால்வைத் திறந்தார்கள். அக்கா இணைப்பைத் துடைத்து, அதன் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். சாயங்காலம் ஒல்லி அவனைத் தேடி அங்கேயே வந்து கதவைத் தட்டும்வரை தாளில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

“பையை எடுத்துக்கட்டுமாண்ணே?”

“மாப்பிள்ளைக்கு வேலை கிடைச்சிருக்குடா. பை இல்லாம எப்படிப் போவாரு?”

ஒல்லி சிரித்துக்கொண்டே சிமென்ட் குழைத்துக் கொடுத்தான். தம்பி காரை பெயர்ந்த இடத்தைப் பூசி மெழுகினான். அக்காவைத் திரும்பிப் பார்க்காமலே இடக்கையை நீட்டினான்.

“ஒரு ஆணி கொடு.”

எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து விழுந்தன. நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரைக் கடைசி எழுத்துவரை கீறி முடித்தான். அதற்குக் கீழே: மார்ச் 9, ஞாயிறு.