அந்த வெப்சைட் குணா செஞ்சது

குணா போயிட்டான்.

நேத்து காலையில கோலா தெர்லாவுல லோரியில கோஸ் ஏத்திக்கிட்டு இருந்திருக்கான். நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்தவன்... எழுந்திருக்கவே இல்லையாம். என் வயசுதான் அவனுக்கு.

காலேஜ் வாட்ஸ்அப் குரூப்புல செய்தி வந்ததும் ஒருத்தர் போட்டிருந்தார்: "கண்ட்ரோல்-சி குணா, ரெஸ்ட் இன் பீஸ் லா ப்ரோ." அதுக்குக் கீழே வரிசையா கைகூப்பின இமோஜி.

யாரும் கிண்டலுக்குப் போடல, பாசமாத்தான் போட்டிருக்காங்க. டிப்ளமோ முதல் செமஸ்டர்ல ஒட்டின பேரு அது... காப்பியடிச்சவன்னு அர்த்தம்.

நானும் அதே இமோஜியைத் தேடினேன். அழுத்தப் போகும்போது கை கூசிப் போச்சு.

அதான் இந்தப் பதிவு. குரூப்புல இருக்கிற எல்லாரையும் டேக் பண்ணியிருக்கேன்.

குணாவும் நானும் ரிங்லெட்டுக்கு மேலே ஒரே தேயிலை எஸ்டேட். அவங்கம்மா கொழுந்து வெட்டுறவங்க, அவங்க டிவிஷனுக்கு எங்கப்பாதான் கிராணி... கணக்குப்பிள்ளை.

யாருக்கு எந்த மலையில வேலை, யாருக்கு எப்ப லீவு... எல்லாம் எங்கப்பா சொல்றதுதான். கிராணி வீட்டுல லேப்டாப் இருந்தது. குணா வீட்டுல இல்ல.

வெப் டிசைன் வகுப்புல முதல் அசைன்மென்ட், உங்க ஊரைப் பத்தி அஞ்சு பக்கத்துல ஒரு வெப்சைட். ரெடிமேட் எதுவும் கூடாது, ஒவ்வொரு வரியா நம்மளே டைப் பண்ணணும்.

எனக்கு சுத்தமா ஏறல. மெனு ஒரு பக்கம் ஓடும், படம் ஒரு பக்கம் ஓடும். கோட்ல ஒரு டேகை மூட மறந்து, பக்கம் முழுக்க தடி எழுத்தா வந்து நின்னதைப் பார்த்து அழுதிருக்கேன்.

குணாவுக்கு அது விளையாட்டு. சனிக்கிழமை சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வருவான். உள்ள கூப்பிட்டாலும் வரமாட்டான்... வாசல்லயே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு என் லேப்டாப்பை மடியில வெச்சுத் தட்டுவான்.

"கிராணி மவளே, கதவைத் தொறந்தா மூடணும் லா. அவ்ளோதான் கோட்டு. இதுக்கா அழுவுற?"

அவன் முதல் பக்கத்துல அவங்கம்மா படம். தேயிலைக்கு நடுவுல கத்தரியோட நின்னுக்கிட்டு, சிரிப்பை மறைக்க வாயில கையை வெச்சிருப்பாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை அவன் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணினேன். பச்சையை நீலமாக்கினேன், தலைப்பை மாத்தினேன், அவங்கம்மா இருந்த இடத்துல எங்க வீட்டு ரோஜாவைப் போட்டேன்.

அரை மணி நேரம்கூட ஆகல.

லேப்ல மேடம் எல்லார் வேலையையும் பெரிய ஸ்க்ரீன்ல திறந்து பார்த்தாங்க. அவனோடதுல அம்மா படம் வரல. என்னோடதுல ரோஜா வரல. ரெண்டுலயும் அதே இடத்துல ஒரு காலிக் கட்டம்.

புதுசா படிக்கிறவங்க எல்லாரும் செய்யற தப்புதான். படத்தை வெப்சைட் ஃபோல்டருக்குள்ள வைக்காம, அது நம்ம கம்ப்யூட்டர்ல எங்க இருக்கோ அந்த முழு அட்ரஸையும் கோட்ல எழுதிடறது. நம்ம கம்ப்யூட்டர்ல படம் வரும், வேற எதுலயும் வராது.

அந்த அட்ரஸ்ல கம்ப்யூட்டருக்கு உரியவங்க பேரும் இருக்கும். ரெண்டு கோட்லயும் இருந்தது என் பேரு... சாந்தி.

"குணசேகரன், இது சாந்தி கம்ப்யூட்டர்ல செஞ்சது. நீ எடுத்துக்கிட்டியா?" மேடம் மலாய்ல கேட்டாங்க.

"லேப்டாப் அவளோடது மேடம். டைப் பண்ணது நான்."

"சாந்தி, லேப்டாப் உன்னோடதா?"

"ஆமா மேடம்."

அவ்வளவுதான் சொன்னேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல... அதை நினைச்சாத்தான் இன்னும் கேவலமா இருக்கு.

குணா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான். நான் கீபோர்டைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அதுக்கு மேல அவனும் வாயைத் திறக்கல. ஏன்னு எனக்கு அப்பவே தெரியும். அவங்கம்மா எங்கப்பா டிவிஷன்லதானே வேலை செஞ்சாங்க?

எனக்கு ஏ. அவனுக்கு முட்டை. சாயங்காலத்துக்குள்ள அந்தப் பேரும் வந்துடுச்சு... எல்லாரோடயும் சேர்ந்து நானும் சிரிச்சேன்.

அடுத்த செமஸ்டர் அவன் வரல. காய்கறி லோரி ஓட்டப் போயிட்டான்.

நான் இன்னிக்கு வரைக்கும் கோலாலம்பூர்ல வெப்சைட் செஞ்சுதான் சாப்பிடறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கம்போங் ராஜாவுல என் காரைப் பார்த்து அவனே ஹார்ன் அடிச்சான். லோரியில இருந்து தலையை நீட்டி, "ஏய் கிராணி மவளே! இப்பவாச்சும் படம் வருதா?"ன்னு கேட்டான்.

கேட்டுட்டு நல்லா சிரிச்சான். இறங்கி வந்து, வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல ஒரு பை நிறைய சோளத்தைப் பின் சீட்டுல வெச்சான்.

சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்தது. "பிள்ளைங்க காத்திருக்காங்க குணா"ன்னு வண்டியை எடுத்துட்டேன்.

சோளம் ரொம்ப இனிப்பா இருந்தது. அதையும் அவனுக்குச் சொல்லல.

இப்ப மேலே ஊருக்குக் கிளம்பிக்கிட்டு இருக்கேன். மகன் காலேஜ்ல திருடி மாட்டினவன்னுதான் அவங்கம்மா இத்தனை வருஷமா நம்பிக்கிட்டு இருக்காங்க... முதல்ல அவங்ககிட்ட சொல்லணும். அடிச்சாலும் வாங்கிக்கறேன்.

குரூப்புல அந்தப் பேரை எடுத்துடுங்க ப்ளீஸ். யாருக்காவது வெச்சே ஆகணும்னா எனக்கு வைங்க.

பழைய லேப்டாப்பைத் தேடி எடுத்தேன், அவன் ஃபோல்டரும் படமும் அப்படியே இருந்தது. கீழே போட்டிருக்கிறது அவன் முதல் பக்கத்துப் படம். வாயில கையை வெச்சுக்கிட்டு நிக்கிறது அவங்கம்மா. எடுத்தது குணா.

படம் வருதுடா குணா.

போயிட்டு வா.