விருந்தாளிக்குச் சொன்ன பதில்

ஏரிக்கரை நகரமான கிசுமுவில் ஒரு கிளினிக்கில் அபோந்தி முதலில் தரை துடைக்கத்தான் சேர்ந்தாள். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்திருந்தது. மூன்று வருடத்தில், ஆய்வில் சேர்ந்த பெண்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வேலை அவளுக்கு வந்தது. ஏரிக்கரையில் அவளை உள்ளே கூப்பிடாத வீடு இல்லை. நான் அதே கிளினிக்கில் மாதிரிக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறவன். ஆறு வருடம் அவளுக்கு எதிர் மேசை.

அந்த ஆய்வு பால்வினை நோய்களைப் பற்றியது. உறவு கொண்ட மூன்று நாளுக்குள் இரண்டு மாத்திரை விழுங்கினால், பெண்ணுக்கு அந்தக் கிருமிகள் ஒட்டாமல் இருக்குமா என்று பார்ப்பது. பாதிப் பேருக்கு மாத்திரை. மீதிப் பேருக்குச் சோதனையும் சிகிச்சையும் மட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் சோதனை. மாத்திரைக்காரிகளிடம் ஒரு கொத்து முடியும் வெட்டி எடுப்போம். விழுங்கிய மருந்து முடியில் தங்கும். ஆய்வு முடிந்ததும் அந்த முடிப் பொட்டலங்கள் கடல் கடந்து போகும்.

முடி என்றதும் பெண்கள் எழுந்துவிட்டார்கள். வெட்டிய முடி சூனியக்காரன் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அபோந்தி அவர்கள் முன்னால் தன் பின்னந்தலையில் முதல் கொத்தை வெட்டிக் காட்டினாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருத்தி அவினோ. மீன் சுட்டு விற்பவள், இருபத்தொன்பது வயது. பிள்ளை இல்லை என்று முதல் கணவன் அனுப்பிவிட்டான். இரண்டாவது கணவன் ஒசேவே, மீன் போகும் கரைக்கெல்லாம் படகோடு போகிறவன். முதல் சோதனையிலேயே அவினோவுக்குக் கிளமிடியா இருந்தது. அது வலி தராது, வெளியே தெரியாது, உள்ளே கருக்குழாயில் தழும்பு போடும். டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, "பிள்ளை பெற இன்னும் வழி இருக்கு. ஆனா இது திரும்ப வரக்கூடாது" என்றார். குலுக்கலில் அவளுக்கு மாத்திரை விழுந்தது. அவளைவிட அபோந்திக்குத்தான் சந்தோஷம்.

மாத்திரை டப்பாவைப் பெண்கள் கிளினிக்குக்குக் கொண்டுவந்து எண்ணிக் காட்ட வேண்டும் என்பது விதி. அதை மாற்றச் சொன்னவள் அபோந்தி. "மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்ககிட்ட எவ உண்மை பேசுவா, டாக்டர்? நான் வீட்டுக்குப் போறேன். அவ வச்ச சோத்தைச் சாப்பிட்டுட்டுக் கேக்குறேன்." டாக்டர் ஒத்துக்கொண்டார். மாதம் தவறாமல் போனாள். அவினோ வீட்டில் எண்ணிக்கை ஒருநாளும் பிசகவில்லை.

ஆனால் கிருமி திரும்ப வந்தது. இரண்டாம் சோதனையிலும் வந்தது, நான்காவதிலும் வந்தது. ஒவ்வொரு தடவையும் சிகிச்சை கொடுத்து, ஒசேவேக்கும் மருந்து கொடுத்தனுப்பினார்கள்.

"அவ நிஜமா முழுங்குறாளா?" என்று டாக்டர் கேட்டார்.

"அவ கிண்டின உகாலிக் களி சாப்பிட்டவ நான். என்கிட்ட பொய் சொல்லமாட்டா."

டாக்டர் அதை நம்பினார். நம்பாவிட்டால் கணவனைக் கூப்பிட்டுப் பேசியிருப்பார், வேறு வழி தேடியிருப்பார்.

ஆய்வு முடிந்து ஏழு மாதம் கழித்து முடி முடிவுகள் வந்தன. பாதிப் பெண்களுக்கு மேல் முடியில் மருந்தே இல்லை. அவினோவின் நான்கு பொட்டலத்திலும் இல்லை. பிள்ளை தங்காததால் டாக்டர் எடுக்கச் சொன்ன அவளுடைய கருக்குழாய் எக்ஸ்ரே முடிவும் அதே வாரம் வந்தது. அபோந்தி இரண்டு தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னையும் கூட வரச் சொன்னாள்.

அவினோ எங்களைக் கண்டதும் தட்டை எடுத்தாள்.

"யிம்போ மகளே, முதல்ல ஒண்ணு கேக்கணும்" என்றாள் அபோந்தி. பிறந்த ஊர்ப் பேரைச் சொல்லித்தான் எங்கள் பெண்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவார்கள்.

"முதல்ல சாப்பிடு, அலெகோ மகளே. பசியில இருக்கிறவ கேக்குற கேள்விக்கு நான் பதில் சொல்றதில்ல."

அபோந்தி தட்டைத் தொடவில்லை. "மாத்திரை முழுங்குனியா?"

"இத்தனை நாள் கழிச்சு இதென்ன கேள்வி? எண்ணிக்கை சரியாத்தானே இருந்துச்சு."

"உன் முடி இல்லைன்னு சொல்லுது."

"முடி பேசுதா? அப்ப சூனியம்னு நாங்க சொன்னது சரிதான்."

அவினோ கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த டப்பாவை எடுத்தா கடகடன்னு சத்தம் வரும். அது என்ன சத்தம்னு இந்தக் கரையில குழந்தைக்குக்கூடத் தெரியும். எய்ட்ஸ் மாத்திரைன்னு ஒசேவே நினைச்சா அன்னிக்கே என் சட்டி பானை வெளியில கிடக்கும். ஏற்கெனவே ஒருத்தன் வீசிப் பாத்தவ நான்."

"மாத்திரையெல்லாம் எங்க போச்சு?"

"பாதி கக்கூஸ்ல. மீதி கோழிக்கு. சளி பிடிச்சா கரைச்சு ஊத்துவேன், ஒண்ணும் சாகல. மருந்து நல்ல மருந்துதான். ஈஸ்டருக்கு நீ எலும்பு வரைக்கும் கடிச்சியே, அது அதுல ஒண்ணு."

"ஒசேவேக்குக் கொடுத்தது?"

"அதுவும்தான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்பச் சொல்றது? நீ வருவ, சாப்பிடுவ, நல்லாருக்குன்னுவ. அப்புறம் கையைத் துடைச்சுக்கிட்டே 'எல்லாம் முழுங்குனியா?'ன்னு கேப்ப. என் வீட்டுல சாப்பிட்டவ கேட்டதை இல்லைன்னு சொல்லி அனுப்ப முடியுமா? அந்தக் கண்ணாடி போட்ட நர்ஸ் கிளினிக்குல வச்சுக் கேட்டிருந்தா சொல்லித் தொலைச்சிருப்பேன். அவ என்ன எனக்கு விருந்தாளியா?"

அபோந்தி பையிலிருந்து எக்ஸ்ரே தாளை எடுத்தாள்.

"என்ன சொல்லுது?" என்றாள் அவினோ.

"ரெண்டு பக்கமும் மூடியிருக்கு."

அவினோ மீன் வலையின் மேல் வந்து உட்கார்ந்த ஈக்களை விரட்டினாள். "முழுங்கியிருந்தா மூடாம இருந்திருக்குமா?"

"தெரியாது" என்றாள் அபோந்தி. "அதைக் கண்டுபிடிக்கத்தான் உன்கிட்ட வந்தோம்."

மழைக்காலம் தொடங்கியபோது ஒசேவே வேறொருத்தியைக் கூட்டிவந்தான். அவினோ பிறந்த ஊரான யிம்போவுக்கே திரும்பினாள். பஸ் ஏற்றிவிட அபோந்தி போனாள். அவினோ அவள் பக்கம் திரும்பாமல் இருக்கையில் உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அபோந்தி டாக்டரிடம் போய், வீடு வீடாய்ப் போய்க் கேட்டுத் தான் எழுதிய படிவங்களோடு ஒரு குறிப்பு சேர்க்க அனுமதி கேட்டாள். ஆய்வு மூடியாகிவிட்டது, இனி ஒன்றும் மாறாது என்றார் அவர். இருந்தாலும் வேண்டும் என்றாள். இருநூற்றுப் பதினொரு தாள். மூன்று நாள் ஆவண அறையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் குத்தினாள். எல்லாவற்றிலும் ஒரே வரி: "சாப்பிட்ட பிறகு கேட்டது."