நாற்பத்து மூன்றிலிருந்து நாற்பத்தைந்து வரை

"ஒவ்வொரு அட்டையிலும் தேதி கட்டாயம். தேதி இல்லாத அட்டை சுவரில் ஏறாது." ஏழாம் வகுப்பில் வரலாற்று ஆசிரியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய தாள் இப்படித் தொடங்குகிறது. இன்னும் வைத்திருக்கிறேன். அந்தத் தாளில் தேதி இல்லை.

நியூஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டருக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளி. இரண்டாம் உலகப் போரின் காரணங்களும் விளைவுகளும் என்று வகுப்பின் நீளச் சுவரில் ஒரு காலக்கோடு வரைந்திருந்தார்கள். காரணத்துக்கு நீல அட்டை, விளைவுக்கு மஞ்சள். ஆளுக்கு ஒன்று எழுத வேண்டும். பெற்றோர் சந்திப்பன்று எல்லா வீட்டாரும் வந்து பார்ப்பார்கள்.

நான் மஞ்சளை எடுத்தேன். அப்பாவின் தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் 1943இல் லாரியில் ஏற்றிப்போன ஆட்களில் அவரும் ஒருவர். திரும்பி வரவில்லை. பாடப்புத்தகத்தில் அந்தப் பாதைக்கு ஒரு பத்தி இருந்தது. அதில் வெள்ளைக்காரக் கைதிகள் மட்டுமே இருந்தார்கள். கொள்ளுத்தாத்தாவைச் சுவரில் ஏற்றியே தீருவது என்று எனக்கு வீம்பு வந்தது அதைப் படித்த பிறகுதான்.

தேதி தெரியும் என்றே நினைத்தேன். வருஷா வருஷம் மகாளய அமாவாசைக்கு அப்பா அரை நாள் லீவு போட்டு, வேட்டி கட்டி, அவருக்கு இலை போட்டுப் படைப்பார். வீட்டின் பின்பக்க மர டெக்கில் காக்காவுக்கு வைக்கும் சோற்றைப் பெரும்பாலும் பூனை அளவு அணில் ஒன்று தின்றுவிட்டுப் போகும். சமையலறைக் காலண்டரில் அந்த வருட அமாவாசையைத் தேடி, அதே தேதியை 1943உடன் சேர்த்து அட்டையில் அழகாக எழுதினேன். அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அடியே, அது அவர் போன நாள் இல்லடி. என்னிக்குப் போனாங்கன்னு தெரியாதவங்களுக்கெல்லாம் சேர்த்துக் கும்பிடற நாள். வருஷா வருஷம் மாறும்."

"ஸோ, வென் டிட் ஹி டை?"

அப்பா லேப்டாப்பிலிருந்து தலை தூக்கவில்லை. "ஏதோ ஒரு டேட் போட்டுட்டுப் போம்மா. யாரு செக் பண்ணப் போறா?"

"ஐ வில்" என்றேன்.

தேதியை அடித்துவிட்டு அட்டையைக் கொண்டுபோனேன். ஆசிரியை கனிவாகவே திருப்பித் தந்தார். உத்தேசமாக ஒரு மாதமாவது போடேன் என்றார். தேதி போரில் தொலைந்துவிட்டது, அதுதான் என் விளைவு என்றேன். அவர் விதியை மாற்றுவதாக இல்லை.

மறுநாள் மஞ்சள் அட்டைகளை வெட்டி ஒட்டி நீளமாக ஒரு பட்டை செய்தேன். அவர் பெயரை மட்டும் எழுதினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், 1943இல் தொடங்கி 1945இல் முடிகிற மாதிரி, மற்றவர்களின் அட்டைகளுக்குக் குறுக்கே அதை ஒட்டினேன்.

"உன் தாத்தா என் நார்மண்டி மேல படுத்திருக்கார்!" என்று ஆங்கிலத்தில் கத்தினான், 1944இன் நார்மண்டித் தரையிறக்கத்தை அட்டையில் எழுதியிருந்த ஒருவன்.

"படுத்திருக்கட்டும். நகரமாட்டார்."

ஆசிரியை கழற்றச் சொன்னார். மாட்டேன் என்றேன். வீட்டுக்கு மின்னஞ்சல் போனது; பெற்றோர் சந்திப்பில் பேசி முடிவெடுக்கலாம் என்று எழுதியிருந்தார். "எல்லாப் பிள்ளைங்களும் சொன்னதைச் செய்யுது, உனக்கு மட்டும் என்னடி?" என்று அம்மா இரண்டு நாள் அர்ச்சனை செய்தாள்.

அப்பா ஆபீசிலிருந்து நேராக வந்தார், கழுத்தில் தொங்கிய பேட்ஜைக் கழற்றாமல். "நான் ஸாரி சொல்லிடறேன். நீ வாயைத் திறக்காதே" என்று பார்க்கிங்கிலேயே சொல்லிவிட்டார். உள்ளே வந்து பட்டையின் முன் நின்றார். பெயரைப் படித்தார். ஆசிரியை சமாதானமாக, எப்படியும் இந்த இரண்டு வருடங்களுக்குள் இறந்திருக்கிறார், நடுவில் ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாமே என்றார்.

"இறந்தார் என்று யார் சொன்னது?"

அப்பாவின் ஆங்கிலம் அவ்வளவு சத்தமாக ஒலித்து நான் கேட்டதில்லை. அடுத்த மேசைக்காரர்கள் திரும்பினார்கள். "கூட்டிப்போன ஜப்பான்காரன் சொல்லவில்லை. போர் முடிந்து மலாயாவுக்குத் திரும்பி வந்த பிரிட்டிஷ்காரனும் சொல்லவில்லை. என் குடும்பத்துக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. இது இப்படியே இருக்கும்."

பருவம் முடியும்வரை பட்டை சுவரில் இருந்தது. அன்று எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனாலும் ஒன்று உறுத்தியது. வருஷா வருஷம் அவருக்கு இலை போடுகிறவர் எப்படி அப்படிக் கேட்டார்? வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டேன்.

"சீட் பெல்ட் போடு" என்றார் அப்பா.

லாரி கிளம்பிய ஆண்டு 1943 என்பது குடும்பத்தில் வாய்வழியாக வந்த செய்தி. எழுத்துச் சான்று கிடைக்கவில்லை. எந்த முகாமில் கொண்டுபோய் விட்டார்கள் என்று தெரியாது. அவர் இறந்தார் என்பதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.